தராம் என்று சொன்னவருக்கு

அண்ணாச்சி,

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் வாசனை குப்பென்று அடித்தது. புளித்த பாலும் புகையும் கலந்த அந்த வாசனையை முதல்முறை முகர்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வாட்ச்மேன் அப்படித்தான் செய்தார். "என்னா மேடம், கதவு கொண்டு வந்திருக்கானா, கருவாடு கொண்டு வந்திருக்கானா?" என்று கேட்டார். நான் படியிறங்கிப் போய் இன்னும் கொஞ்சம் கிட்ட நின்றுகொண்டேன்.

வந்தது ஒரே ஒரு சாம்பிள் கதவு. பிரசவ வார்டுக்கு மேலே இன்னொரு மாடி எடுக்கிறோம். நீங்கள் இல்லாமல் உங்கள் பட்டறையிலிருந்து எங்களுக்கு வந்த முதல் கதவு இது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குறை கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சம்பளம் செரிக்காது என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இன்று காலை அப்படித்தான் செரிக்காமல் போயிற்று.

உங்களிடம் ஒரு விஷயத்தை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன். முன்பு கீழ்த்தளம் கட்டிய மழைக்காலத்தில் உங்கள் ஒப்பந்தம் ரத்தாகிப் போகப் பார்த்தது. அது உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு சொல். ஐந்து வருடமாக வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், டீ குடித்திருக்கிறோம், ஊர்க்கதை பேசியிருக்கிறோம். அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் வேலையை என் வீட்டில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. கட்டடத் திட்டத்தில் என்ன பொருள் வேண்டும், யாரிடம் வாங்குவது, எப்படி எழுதி வாங்குவது, எழுதியபடி வந்ததா என்று பார்ப்பது. என் அம்மா இதை "கடைக்குப் போற வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். உங்களுக்கு மட்டும் முதல் நாளே புரிந்தது. "சாறுக்கு ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் நாங்க. நடுவில நிண்ணு ரெண்டு பேருக்க கையையும் பிடிச்சு வச்சுக்கிடணும், இல்லியா?" என்றீர்கள், சாரைச் சாறாக்கி. கையை முறுக்கித்தான் பழக்கம் அண்ணாச்சி என்று நான் சொன்னதற்குச் சிரித்தீர்கள்.

அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கதவு, ஜன்னலுக்கு மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்திருந்தார்கள். இரண்டு கவரில் கேட்ட தாள்கள் கேட்டபடி இருந்தன. உங்கள் கவரில் மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று கூடுதலாக இருந்தது. கடலைப் பார்த்த பக்கத்துக் கதவுகளுக்கு ரப்பர் மரம் போட்டால் நிற்காது, அயனி மரம் போட வேண்டும் என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து. எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டதற்கு விலை சொல்லுங்கள் என்றால் இவர் நமக்குப் பாடம் எடுக்கிறார் என்று நினைத்து உங்களை வரச் சொன்னேன்.

வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்கள்.

"சாறே, நீங்க கேட்டது ரப்பர் தடி. அதுக்கு ரேட்டு போட்டாச்சு. ஆனா கடக்காத்து அடிக்கப் பக்கத்துக்கு அது ஒக்காது."

"அதைத் தீர்மானிக்க எஞ்சினீயர் இருக்கார் அண்ணாச்சி."

"எஞ்சினீயர் இருக்காரு. கடலும் இருக்கில்லா?"

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். அந்த நோட்டுத் தாளை எஞ்சினீயரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, மூன்று பேரிடமும் மறுபடி அயனிக்கு விலை கேட்கச் சொன்னார். நீங்கள் கொடுத்த யோசனையில் மற்ற இரண்டு பேரும் விலை போட்டார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வேலை உங்களுக்குத்தான் வந்தது, ஆனால் வராமலும் போயிருக்கலாம்.

பெண்பிள்ளையை எதற்குச் சார் என்கிறீர்கள் என்று நான் கேட்டது அன்றுதான். உங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்து டீச்சரும் சாறுதான், ஆபீஸ் மேடமும் சாறுதான் என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னைய எதுக்கு அண்ணாச்சின்னு விளிக்கிய? நான் என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்கேன்? அண்ணன்னு விளிச்சா மதி" என்றீர்கள். அண்ணன் போதும் என்றாலும் எனக்கு அண்ணாச்சிதான் வாயில் வந்தது. கடைசிவரை நீங்களும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

நான் பூதப்பாண்டிக்காரி. உங்கள் குலசேகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரே மாவட்டம், ஒரே மழை இல்லாவிட்டாலும் ஒரே கலெக்டர். உங்கள் பேச்சு எனக்குப் புரியும் என்றுதான் நினைத்திருந்தேன். புரியவில்லை என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். புரிந்தது என்ற நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒப்பந்தம் பேசி முடிக்கிற அன்று மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். பேசுவதையெல்லாம் நான் தமிழில் குறிப்பெடுத்து, அதை ஒர்க் ஆர்டரோடு இணைப்பாகச் சேர்ப்பது எங்கள் வழக்கம். ஆர்டரில் தேதி இருக்கவேண்டிய இடத்தில் 'இணைப்பில் கண்டபடி' என்று மட்டும்தான் இருக்கும். எப்போது கதவுகள் வரும் என்று கேட்டேன். மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்.

"ஆடி பத்துக்கு மும்ப ஒக்கக் கதவும் தராம் சாறே."

பள்ளிக்கூடத்தில் தமிழில் எப்போதும் நான்தான் முதல் மார்க். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. உங்கள் பேச்சைச் சுத்தமாக்கி, அச்சில் போடுகிற தமிழாக மாற்றி எழுதினேன்: 'ஆடி பத்தாம் தேதிக்கு முன் அனைத்துக் கதவுகளையும் தரலாம் என விற்பனையாளர் தெரிவித்தார்.' தாளை உங்கள் பக்கம் திருப்பி வைத்தேன். உதடு அசைய மெல்லப் படித்தீர்கள். ஒரு இடத்தில் நின்று சிரித்துக்கொண்டீர்கள். ஆர்டர் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஒப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள்.

உங்கள் ஊரில் ஒருவர் 'தராம்' என்றால் தந்துவிடுவேன் என்று அர்த்தம். வாக்குக் கொடுத்தாயிற்று, அதற்குமேல் சத்தியம் கிடையாது. எங்கள் பக்கத்திலும் அச்சுத் தமிழிலும் 'தரலாம்' என்றால், பார்ப்போம், முடிந்தால் உண்டு. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. உங்கள் வாக்கை எடுத்து ஒரு 'பார்ப்போம்' ஆக்கி முத்திரையும் குத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. வார்டுக்குக் கட்டில் வந்து இறங்கியபோது மேட்ரன் அளவு நாடாவோடு போய் நின்று, நீங்கள் மாதிரிக்கு மாட்டி வைத்திருந்த நிலைச்சட்டத்துக்குள் கட்டில் நுழையாது என்று சொல்லிவிட்டார். வெறும் கட்டில் நுழையும், ஆனால் பக்கத்தில் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் நுழைய முடியாது. வரைபடத்தைப் போட்டவர்கள் யாரும் கட்டிலைத் தள்ளிப் பார்த்ததில்லை. நான் பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்து அரையடி அகலம் கூட்ட முடியுமா என்று கேட்டேன்.

"கூட்டாம் சாறே. எழுத்தில தாருங்க."

"நான்தானே சொல்கிறேன் அண்ணாச்சி."

"நீங்க சொன்னது எனக்கும் உங்களுக்கும் தெரியும். நாளைக்கு நீங்க வேற ஜோலிக்குப் போனா அந்தக் கதவுக்கு யாரு சாட்சி?"

எனக்குச் சுருக்கென்றது. மாற்றம் எதுவானாலும் எழுத்தில் தரவேண்டும் என்பது என் விதி, நானே எல்லாருக்கும் சொல்வது. அதை ஒரு விற்பனையாளர் எனக்குச் சொல்லும்படி ஆயிற்று. எழுதிக் கொடுத்தேன். அறுத்து வைத்திருந்த பலகையைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாக அறுக்க ஆரம்பித்தீர்கள்.

ஆனி பிறந்தது. மழையும் பிறந்தது. இங்கே கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே உங்கள் ஊரில் கொட்டித் தீர்க்கும். அந்தச் சமயம் பார்த்து, திட்டத்தைக் கண்காணிக்க சென்னையிலிருந்து புது ஆலோசகர் ஒருவரை நிர்வாகம் வைத்தது. கெட்ட மனிதர் இல்லை. எல்லாத் தாளையும் ஒன்றுவிடாமல் படிப்பார். வந்த இரண்டாம் வாரமே கூட்டம் போட்டார். ஆஸ்பத்திரிச் செயலாளர், ஆலோசகர், எஞ்சினீயர், நான். கதவுகள் ஒன்றுகூட வரவில்லை, ஆவணி முதல் வாரம் திறப்பு விழா, வெளியூர் ஃபேக்டரியில் ரெடிமேட் கதவு பதினைந்து நாளில் கிடைக்கும், இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம் என்றார்.

"இன்னும் மூணு வாரம் இருக்கு சார். ஆடி பத்துக்குத் தர்றதா அவர் ஒத்துக்கிட்டிருக்கார்" என்றேன்.

"எங்க ஒத்துக்கிட்டிருக்கார் மேடம்? நீங்க எழுதின தாள்தான் இது. 'தரலாம்'னு இருக்கு. தரலாம்னா, தராமலும் இருக்கலாம். இவர் எந்தத் தேதியும் கொடுக்கல. அதனால நாமும் காத்திருக்கணும்னு அவசியம் இல்லை."

தாளை என் முன்னால் தள்ளினார். என் எழுத்து. என் அழகான, திருத்தமான எழுத்து. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. புது அளவுக்கு நீங்கள் அறுத்து வைத்திருக்கிற அறுபத்திரண்டு கதவுக்கான பலகை நினைவுக்கு வந்தது. அந்த அகலத்தில் ஒரு கதவை வேறு எந்த வீட்டுக்கும் மாட்ட முடியாது. ரத்து என்றால் உங்கள் பட்டறை அந்த மழையிலேயே உட்கார்ந்துவிடும். பேசாமல் இருந்தால் என் தப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை, விற்பனையாளர் வாக்குக் கொடுக்கவில்லை என்று முடிந்துவிடும். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் அண்ணாச்சி. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு சொன்னேன். "அவர் அப்படிச் சொல்லல சார். 'தராம்'னு சொன்னார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

ஆலோசகருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. அவர் மண்டைக்காட்டுக்காரர், உங்கள் பேச்சுக்காரர் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு எப்பிடிச் சொன்னாரு? ஒண்ணும் மாத்தாம அப்பிடியே சொல்லுங்க பாப்போம்."

சபையில் உங்களைப்போல ராகம் போட்டுப் பேசிக்காட்டினேன். "ஆடி பத்துக்கு மும்ப ஒக்கக் கதவும் தராம் சாறே." எஞ்சினீயர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அப்பிடீன்னா அவரு தருவாரு" என்றார் செயலாளர். அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

ஆலோசகருக்கு முடியவில்லை. இன்றைக்குள் திருத்திய தாளில் கையெழுத்து வேண்டும், சொன்ன தேதிக்குக் கதவு வராவிட்டால் முழுப் பொறுப்பும் கொள்முதல் பிரிவுக்கு, அதாவது எனக்கு, என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். அதை எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை பார்த்தேன்.

அன்று மதியமே கிளம்பினேன். தக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழி முழுக்க உங்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உங்கள் வாக்கை நான் அரை வாக்காக எழுதிவிட்டேன், அதனால் உங்களைக் கழற்றிவிடப் பார்த்தார்கள். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் பட்டறை வாசலில் குடையை மடக்கும்போது எல்லாம் வற்றிவிட்டது.

நீங்கள் என்னை நேரே பின்னால் இருந்த புகைப்புரைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஷீட் தொங்கவேண்டிய கம்புகளில் எங்கள் கதவுப் பலகைகள் வரிசையாக நின்றன. கீழே சிரட்டையும் விறகும் புகைந்துகொண்டிருந்தன. மழையில் பலகை உலராது என்று பக்கத்து எஸ்டேட்காரரிடம் பேசி, அவர் ஷீட் போடுகிற புரையில் பாதியை வாங்கியிருந்தீர்கள். "கதவு கொஞ்சம் நாறும் சாறே. ஆனா வளையாது" என்றீர்கள். கண் எரிந்தது. புகையினாலும்தான்.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். நான் பையிலிருந்து புதுத் தாளை எடுத்து நீட்டினேன். 'தருவேன்' என்று இருந்தது.

"முந்தின பேப்பருக்கு என்ன கேடு சாறே?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஃபார்ம் மாறிப்போச்சு. எல்லாருக்கும் மாத்துதோம்."

பொய். பச்சைப் பொய். நீங்கள் தாளைப் படித்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள். இன்னும் ஏதோ கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "செரி, சாறு சொன்னா செரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டம்மா நேசபாய் அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறியோடு கொண்டுவந்து வைத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கத்தில் எனக்குப் பசி எடுக்கும்.

ஆடி ஆறாம் தேதி லாரிகள் வந்தன. ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கதவு கதவாகச் சுற்றியிருந்தீர்கள். நான்கு நாள் மிச்சம். ஆலோசகர் தானே குடை பிடித்துக்கொண்டு நின்று எண்ணினார். நான் பரிசோதித்து இரண்டு கதவைத் திருப்பி அனுப்பினேன், முடிச்சுக் கண் பெரிதாக இருக்கிறது என்று. "சாறுக்குச் செரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் மாற்றிக் கொண்டுவந்தீர்கள். திறப்பு விழாவன்று வார்டு முழுக்க ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம். ரிப்பன் வெட்ட வந்தவர் கைக்குட்டையை எடுத்தார். அந்த வார்டில் பிறந்த முதல் குழந்தை அதைப் பொருட்படுத்தவில்லை.

உத்தரவாத காலம் ஒரு வருடம். அது முடிந்ததும், இரு தரப்புக்கும் இனிப் பாத்தியதை இல்லை என்று முறையாகக் கடிதம் கொடுத்து ஒப்பந்தத்தை மூடினேன். நீங்கள் அதை மதித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் மழை விட்டதும் திருப்புளியும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து நிற்பீர்கள். "விசாகிரி எல்லாம் எப்பிடி இருக்குன்னு நோக்கிட்டுப் போறேன்" என்று வார்டு வார்டாகப் போவீர்கள். எங்கள் தாளில் நான் கீல் என்று எழுதியிருந்ததை நீங்கள் ஒருநாளும் கீல் என்று சொன்னதில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது அண்ணாச்சி, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பேன். "அது உங்களுக்கு முடிஞ்சுது. கதவு இப்பமும் தொறந்து அடச்சிட்டுத்தானே இருக்கு" என்பீர்கள். அந்த நாட்களெல்லாம் எனக்கு நல்ல நாட்கள். டீ வரவழைப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவேன்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி, அரைமணி நேரம் என்றார்கள். அடக்கத்துக்கு வந்தேன். உங்கள் சபைக்காரர்களும் எஸ்டேட்காரர்களும் நிரம்பி நின்றார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அக்காவிடம் பேசத் தைரியம் இல்லை.

இப்போது மாடிக்கு டெண்டர் கேட்டபோது பட்டறையின் பெயரில் நேசபாய் அக்கா கவர் அனுப்பியிருந்தார்கள். மதிப்பெண் போடுகிற குழுவிலிருந்து நானே விலகிக்கொண்டேன், எனக்குப் பட்சபாதம் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு. நான் இல்லாமலேதான் அந்தக் கவர் தேறியது. அதன் பிறகு தேதி பேசி முடிக்கப் போன மாதம் குலசேகரம் போனேன்.

பேச்சுக்கு நடுவில், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், பழைய ஒப்பந்தத் தாள் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். அவர்களிடமாவது சொல்லிவிடலாம் என்று. அக்கா எழுந்து உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார்கள். முதல் பக்கத்திலேயே, நான் எழுதிய அந்த முதல் தாள். லேமினேட் செய்திருந்தீர்கள்.

"இத எதுக்கு அக்கா இப்படி வச்சிருக்கு?"

"அவருக்கு இதில ஒரு பெருமை. வாறவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுவாரு. 'பாரு, நாஞ்சில் நாட்டுக்காரி. தராம்னு நான் பறஞ்சத மாத்தாம, அதே சொல்ல வடிவா எழுதியிருக்கா. எல்லா ஆபீஸிலயும் நம்ம பேச்ச வெட்டிட்டு அவனுவளுக்க பேச்சத்தான் எழுதுவானுவ'ன்னு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"அதுல தரலாம்னுல்லா எழுதியிருக்கேன் அக்கா?"

"ஆமா. தராம்னு பறஞ்சா எழுத்தில தரலாம்னுதானே வரும்?"

உங்கள் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நான் வெட்டியதை நீங்கள் நான் காப்பாற்றியதாக எடுத்துக்கொண்டீர்கள். அன்று தாளைப் படித்துவிட்டுச் சிரித்தது அதற்குத்தான். அக்கா அதோடு நிறுத்தவில்லை.

"பொறவு நீங்க மழையில வேற பேப்பர் கொண்டு வந்தியல்லா? அன்னைக்கு அவருக்கு ஒரே சங்கடம். 'மேல உள்ளவனுவ அவளத் திருத்த வச்சிட்டானுவ. அவளுக்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. நான் வல்லதும் கேட்டா பாவம் அவளுக்கு வெப்ராளம் ஆவும். சவத்த விடு, ஒப்பு போட்டுக் கொடுத்தாச்சு'ன்னாரு."

நீங்கள் ஏன் அன்று அடுத்த கேள்வி கேட்கவில்லை என்பது ஐந்து வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. உங்களிடம் மறைக்க நான் ஒரு பொய் சொன்னேன். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நீங்கள் அதை நம்பியதுபோல் இருந்தீர்கள். நான் சிரித்தேன், பிறகு அழுதேன், அக்கா என்ன ஏது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சொல்ல வந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. அந்த லேமினேட் தாளைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் சொல்ல மனசு வரும்?

அந்த மழைக்குப் பிறகு ஒரு பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது அண்ணாச்சி. எந்த ஒப்பந்தமானாலும் எழுதிய தாளை எதிரே இருப்பவருக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்கள் என்ன ஒத்துக்கொண்டீர்கள் என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள் என்கிறேன். லிஃப்ட் கம்பெனிக்காரர் முதல் மணல் கொண்டுவருகிறவர் வரை எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இரண்டும் ஒத்துவரும்வரை கையெழுத்துக் கிடையாது. இதுவரை எத்தனையோ தாள்களை அப்படித் திருத்தியிருக்கிறேன், பாதி என் தப்பாகத்தான் இருந்தது.

அக்காவிடமும் அப்படித்தான் கேட்டேன். மாடிக்கான கதவுகள் எப்போது வரும் என்று. அவர்கள் உங்களைப்போலவே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "பங்குனி கழியதுக்கு மும்ப தராம் சாறே" என்றார்கள். இந்த முறை அதில் எதுவும் மாற்றவில்லை. எங்கள் ஒப்பந்தங்களில் முதல் பகுதி சொற்பொருள் விளக்கம். கட்டடம் என்றால் எது, விற்பனையாளர் என்றால் யார் என்று வரிசையாக இருக்கும். அதன் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இவ்வொப்பந்தத்தில் தராம் என்பதற்கு, குறித்த தேதிக்குள் கண்டிப்பாகத் தருவேன் என்று பொருள்.'

செயலாளர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இது வேணுமா?" என்றார். வேண்டும் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார். அக்கா உதடு அசையப் படித்து, ஒப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் பேச்சை அப்படியே எழுதினவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே அண்ணாச்சி, அதற்கு அன்று எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லை. இப்போது எழுதிவிட்டேன்.